பெரியம்மா நடத்திய இல்லத்தை ஏற்றிருப்பவருக்கு

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் புரியட்டும். உங்கள் பெரியம்மா முப்பது வருடத்துக்கு மேல் நடத்திய பெண் குழந்தைகள் இல்லம். 46 பிள்ளைகள், 11 ஊழியர்கள், சுற்றியுள்ள கிராமங்களில் மூன்று மாலை நேர டியூஷன் மையங்கள். பெரியம்மா போன வருடம் காலமாகிவிட்டார். அறங்காவலர்கள் எல்லோரும் சொந்தக்காரர்கள், அவர்கள் கூடிப் பேசி, பதினெட்டு வருடம் வங்கியில் வேலை பார்த்த உங்களை நிர்வாக அறங்காவலர் ஆக்கிவிட்டார்கள். நன்கொடை குறைந்துகொண்டே வருகிறது, நிதி திரட்ட என்ன வழி என்று கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியதில் நடுவில் ஊழியர்களைப் பற்றி ஒரு வரி இருக்கிறது: "எதைச் சொன்னாலும் பெரியம்மா இருந்தா இப்படிச் செய்ய மாட்டாங்க என்கிறார்கள்." உண்மையான கேள்வி அந்த வரியில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நான் ஆரம்பிக்காத இடத்தை, என்னைத் தேர்ந்தெடுக்காத ஆட்களோடு, எனக்குத் தெரியாத பிள்ளைகளுக்காக எப்படி நடத்துவது என்பதுதான் அது. அதற்குப் பதில் சொன்னால் நிதி பற்றியும் தானாகவே பேச வேண்டி வரும்.

நான் சமூகப்பணி படித்துவிட்டு தென்மாவட்டம் ஒன்றில் 24 வருடம் இந்த வேலையில் இருந்தேன். முதலில் களப்பணியாளர், பிறகு இல்லக் கண்காணிப்பாளர், கடைசி 11 வருடம் நிர்வாகப் பொறுப்பு. நிறுவனர் இருக்கும்போதே பொறுப்பேற்று அவர் மறைந்த பிறகும் நடத்தியதால் உங்கள் நிலைமை எனக்குக் கொஞ்சம் தெரியும். தத்து கொடுக்கும் நிறுவனமோ கூர்நோக்கு இல்லமோ நான் நடத்தியதில்லை, அவை பற்றி எதுவும் சொல்லப் போவதில்லை. கீழே சட்டம் என்று நான் சொல்வது சட்டம், அதில் பேச்சுக்கு இடமில்லை. மற்றதெல்லாம் ஒரு ஆளின் அனுபவம், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

நிதி, ஊழியர் எல்லாம் இருக்கட்டும். நாளைக்குக் காலையில் அலுவலக பீரோவைத் திறந்து பதிவுச் சான்றிதழைப் பாருங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 41ன் கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும், அது ஐந்து வருடத்துக்குத்தான் செல்லும். பதிவில்லாமல் நடத்தினால் பிரிவு 42ன்படி பொறுப்பில் இருப்பவருக்கு ஒரு வருடம் வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். அந்தப் பொறுப்பில் இருப்பவர் இப்போது நீங்கள். "ஹாஸ்டல்" என்ற பெயரில் நடக்கும் இடங்களுக்குத் தமிழ்நாட்டில் 2014ல் வந்த தனிச் சட்டம் இருக்கிறது, அதன் உரிமத்தை வைத்துக்கொண்டு, பாதுகாப்புத் தேவைப்படும் பிள்ளைகளை வைத்துப் பராமரிக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒன்றல்ல. உங்களிடம் எது இருக்கிறது, அதில் எந்தத் தேதி போட்டிருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் 46 கோப்புகளையும் நீங்களே உட்கார்ந்து படியுங்கள். ஒவ்வொன்றிலும் குழந்தைகள் நலக் குழுவின் (பிள்ளையை எங்கே வைப்பது என்று முடிவெடுக்கும் மாவட்டக் குழு) ஆணை இருக்கிறதா, அந்தப் பிள்ளைக்கென்று தனிப் பராமரிப்புத் திட்டம் எழுதியிருக்கிறதா, கடைசியாக எப்போது அதைத் திருத்தினார்கள் என்று பாருங்கள். நேராக வாசலுக்கு வந்த பிள்ளையாக இருந்தாலும் பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழுவின் முன் நிறுத்தியாக வேண்டும், பெரியம்மா காலத்து வழக்கம் எதுவாக இருந்தாலும் சரி. இது வடநாட்டு விவகாரம் என்று யாராவது சொன்னால், 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் நாடு முழுக்க எல்லா இல்லங்களையும் அந்த வருடக் கடைசிக்குள் பதிவு செய்யவும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித் திட்டம் எழுதவும் உத்தரவிட்ட வழக்கே தமிழ்நாட்டு இல்லங்களைப் பற்றித்தான் 2007ல் தொடங்கியது என்று சொல்லுங்கள்.

கோப்புகளைப் படித்து முடிக்கும்போது ஒன்று உங்கள் கண்ணில் படும் என்று எதிர்பார்க்கிறேன், ஏனென்றால் நான் படித்தபோது எனக்குப் பட்டது. அம்மாவோ அப்பாவோ உயிரோடு இருக்கும் பிள்ளைகள்தான் அதிகம் இருப்பார்கள். வெளியில் "அநாதை இல்லம்" என்று பேர், உள்ளே பார்த்தால் பாதிக்கு மேல் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முறுக்குப் பொட்டலத்தோடு வந்து உட்காரும் அம்மாக்கள். இங்கேதான் நம் வேலையின் முக்கியமான சிக்கல் இருக்கிறது. நன்கொடையாளர், அறங்காவலர், ஊர்ப் பெரியவர், விழாவுக்கு வரும் அதிகாரி எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எத்தனை பிள்ளைங்க இருக்காங்க?" நூறு என்றால் பெரிய சேவை, இருபது என்றால் சின்ன சேவை. பணமும் தலைக்கு இத்தனை என்ற கணக்கில்தான் வருகிறது. ஆனால் அதே இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 3ல், இல்லத்தில் வைப்பது எல்லா வழியும் பார்த்த பிறகு கடைசியாக எடுக்க வேண்டிய முடிவு என்று சொல்கிறது. பிள்ளையும் அதைத்தான் சொல்கிறது, ஞாயிறு சாயங்காலம் அம்மா கிளம்பும்போது கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாலே தெரியும். ஆக, பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும், படுக்கை நிரம்பியிருந்தால்தான் பணம் வரும், இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிற ஆள் நிர்வாகிதான். வார்டனால் அதைச் செய்ய முடியாது, கணக்கரால் முடியாது. நீங்கள் செய்யாவிட்டால் பணம்தான் ஜெயிக்கும், யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யாமலேயே.

ஒரு சம்பவம் சொல்கிறேன், அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். ஜூன் முதல் வாரம் எங்கள் வாசலில் எப்போதும் கூட்டம் இருக்கும், பள்ளி திறக்கும் நேரம். ஒரு அம்மா இரண்டு பெண் பிள்ளைகளோடு வந்தார். ஒரு தகரப் பெட்டி, அதற்கு மேல் இரண்டு புது வாளி, அதில் சோப்பு டப்பா, தட்டு, டம்ளர். நாங்கள் "சேர்த்துக்கொள்கிறோம்" என்று சொல்வதற்கு முன்பே வாளி வாங்கியாகிவிட்டது. கணவர் இறந்து எட்டு மாதம், மில் வேலை, ஷிப்ட் முறை. பழைய நாளாக இருந்தால் அன்றைக்கே குழுவிடம் கூட்டிப்போய் ஆணை வாங்கி மாலைக்குள் சேர்த்திருப்போம். எங்கள் களப்பணியாளர் அந்த அம்மாவை உட்கார வைத்து டீ கொடுத்து, "ஏம்மா, எதனால வீட்ல வச்சுக்க முடியல?" என்று கேட்டார். பணம் இல்லை என்றுதான் முதலில் வந்தது. ஒரு மணி நேரம் பேசியதில் வேறு வந்தது. இருக்கிற வாடகை அறைக்குக் கதவில் உள்தாழ்ப்பாள் இல்லை, இரவு ஷிப்ட் போனால் வயதுக்கு வந்த மூத்த பெண்ணைத் தனியாக விட்டுப்போக பயம். ரேஷன் கார்டு மாமனார் வீட்டில் இருக்கிறது, கேட்டால் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். அவ்வளவுதான். வேறு அறைக்கு அட்வான்ஸ் கொடுத்தோம், கார்டில் பெயர் பிரிக்க தாலுகா அலுவலகத்துக்கு மூன்று முறை கூடப் போனோம், பகல் ஷிப்ட் மட்டும் கொடுக்கச் சொல்லி மில் மேற்பார்வையாளரிடம் பேசினோம். பிள்ளைகள் இருவரும் அம்மாவோடு இருந்தே படித்தார்கள். அந்த வாளிகளை அவர் திரும்ப எடுத்துக்கொண்டு போனது இன்னும் நினைவிருக்கிறது. மொத்தச் செலவு, அந்த இரண்டு பேரையும் எங்களிடம் மூன்று மாதம் வைத்திருந்தால் ஆகியிருக்கும் செலவைவிடக் குறைவு.

எல்லாக் குடும்பத்துக்கும் இப்படித் தாழ்ப்பாளிலும் ரேஷன் கார்டிலும் முடிந்துவிடாது என்பதும் உண்மை. வீட்டிலேயே அடி, குடி, அதைவிட மோசமானது இருக்கும் இடங்கள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இல்லம். யாரை எங்கே வைப்பது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த ஒரு நல்ல களப்பணியாளர் உங்களுக்கு முதலில் வேண்டும். 11 ஊழியர்களில் அப்படி யாரும் இல்லை என்றால் அடுத்து நீங்கள் எடுக்கும் ஆள் அவராக இருக்கட்டும், புதுக் கட்டடத்துக்கு முன்னால், வேனுக்கு முன்னால். அரசிடமும் இதற்குப் பணம் இருக்கிறது. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில், கணவரை இழந்த அல்லது கைவிடப்பட்ட அம்மாவிடம் வளரும் பிள்ளை, தாத்தா பாட்டியிடம் வளரும் பெற்றோர் இல்லாத பிள்ளை போன்றவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. விண்ணப்பத்தை மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு விட்டுவிட்டால் நகராது, கூடவே நின்று நகர்த்த வேண்டும். உங்கள் மூன்று டியூஷன் மையங்களும் இங்கேதான் பெரிய சொத்து. எந்த வீட்டில் பிரச்சினை தொடங்குகிறது என்று மையத்து டீச்சருக்குத்தான் முதலில் தெரியும், பிள்ளை மூன்று நாள் வரவில்லை என்றால் போய்க் கேட்கிற ஆள் அவர்தான். பலர் பணம் குறையும்போது முதலில் மையங்களை மூடுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

இப்போது நன்கொடை. படுக்கை குறைந்தால் பணமும் குறையும் என்ற பயம் எனக்கும் இருந்தது. பொறுப்பேற்ற மூன்றாம் வருடம் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தை மாற்றினோம். எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதற்குப் பதிலாக, இந்த வருடம் எத்தனை பேர் வீடு திரும்பினார்கள், போன வருடம் திரும்பியவர்களில் எத்தனை பேர் இன்னும் பள்ளிக்குப் போகிறார்கள், எத்தனை பேரை வாசலிலேயே நிறுத்தி அம்மாவோடு திருப்பி அனுப்ப முடிந்தது என்று எழுதினோம். பழைய நன்கொடையாளர் நாலைந்து பேர் விலகினார்கள், அது உண்மை. "பிள்ளைங்களே குறைஞ்சு போச்சே" என்று ஒருவர் போனிலேயே வருத்தப்பட்டார். ஆனால் மாதாமாதம் ஒரு சிறு தொகையை வங்கி வழியாக அனுப்புகிறவர்கள் கூடினார்கள், ஒரு குடும்பம் நிமிர்ந்த கதை அவர்களுக்குப் புரிந்தது. எல்லா ஊரிலும் இது இப்படியே நடக்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பெரிய ஒற்றை நன்கொடையாளரை நம்பி இருக்கும் இல்லத்துக்கு இந்த மாற்றம் மெதுவாக வர வேண்டும், ஒரே வருடத்தில் செய்தால் சம்பளம் கொடுக்க முடியாமல் போகும்.

பிறந்தநாளுக்கு வந்து சாப்பாடு போடுகிறவர்கள் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். சாப்பாட்டை வாங்கிக்கொள்ளுங்கள், பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்துப் பாட்டுப் பாட வைப்பதை நிறுத்துங்கள். யாரோ ஒருவரின் குழந்தை கேக் வெட்டும்போது, தன் பிறந்தநாள் எந்தத் தேதி என்றே தெரியாத பிள்ளை கைதட்டிக்கொண்டு நிற்கிறது. போட்டோ விஷயத்தில் சட்டமே இருக்கிறது, பாதுகாப்பில் உள்ள பிள்ளையின் அடையாளம் தெரியும்படி ஊடகத்தில் வெளியிடுவது பிரிவு 74ன்படி குற்றம், ஆறு மாதம் வரை சிறையோ இரண்டு லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், ஃபேஸ்புக் எதுவானாலும் போட வேண்டாம் என்று வாசலிலேயே பணிவாகச் சொல்லிவிடுங்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் நல்ல மனதோடுதான் வருகிறார்கள், காரணம் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள்.

ஊழியர்கள் உங்கள் பேச்சைக் கேட்க என்ன செய்வது என்ற கேள்வியைத் திருப்பிப் போடச் சொல்கிறேன், கெட்ட செய்தி உங்களிடம் வந்து சேர என்ன செய்வது? நான் பொறுப்பேற்ற முதல் மாதம் இரவுப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். 31 நாளும் ஒரே வரி, "அனைவரும் நலம்". ஒரே நீல மை, ஒரே சாய்வு, ஒரே இரவில் உட்கார்ந்து மாதம் முழுவதையும் எழுதியது போல. அதே மாதம் ஒரு பிள்ளைக்கு நான்கு நாள் காய்ச்சல், ஆரம்ப சுகாதார நிலையத்துச் சீட்டு கோப்பில் இருக்கிறது. வார்டன் அக்கா பொய்க்காரர் இல்லை. பதினாறு வருடமாக எழுதுகிறார், யாரும் படித்ததில்லை, அதனால் எழுதுவதன் பொருள் போய்விட்டது. நான் திட்டவில்லை. தினமும் காலையில் படித்து, பக்கத்தில் ஒரு கேள்வி எழுதி கையெழுத்துப் போட்டேன். "செல்விக்கு இருமல் நின்றதா?" என்பது மாதிரி. இரண்டு மாதத்தில் பதிவேடு பேச ஆரம்பித்தது. பிள்ளைகளின் புகார்ப் பெட்டியும் அப்படித்தான், விதிப்படி இருந்தது, கண்காணிப்பாளர் அறை வாசலில் தொங்கியது, உள்ளே ஒரு சீட்டும் இல்லை. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் மாற்றினோம், சாவியை இல்லத்தில் வேலை செய்யாத ஒருவரிடம் கொடுத்தோம். முதல் சீட்டுகள் தலைக்கு எண்ணெய் போதவில்லை, செவ்வாய்க்கிழமை உப்புமா வேண்டாம் என்று வந்தன. எண்ணெயைக் கூட்டினோம், உப்புமாவை மாற்றினோம், மாற்றியதைப் பிள்ளைகள் கூட்டத்தில் சொன்னோம். அதற்குப் பிறகுதான், ஐந்தாவது மாதமோ என்னவோ, நாங்கள் நிஜமாகவே அறிந்திருக்க வேண்டிய ஒரு சீட்டு வந்தது. எண்ணெய்க்குப் பதில் கிடைக்காத இடத்தில் அந்தச் சீட்டை யார் போடுவார்கள்?

அப்படி ஒரு சீட்டு வரும் நாளில் என்ன செய்ய வேண்டும் என்பதில் யோசிக்க எதுவும் இல்லை. பாலியல் குற்றம் என்ற சந்தேகம் வந்தாலே போக்சோ சட்டம் பிரிவு 19ன்படி காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தனக்குக் கீழே வேலை செய்பவர் பற்றி நிறுவனத் தலைவர் மறைத்தால் ஒரு வருடம் வரை சிறை, அபராதமும் உண்டு. "முதல்ல நாமே விசாரிச்சுப் பார்ப்போம், ட்ரஸ்ட் பேரு கெட்டுடும்" என்று உங்கள் அறங்காவலரில் ஒருவராவது சொல்வார். அதற்கு இப்போதே, ஒன்றும் நடக்காத இந்த நாளிலேயே, கூட்டத்தில் தீர்மானம் எழுதி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி வையுங்கள். பீகாரின் முசாபர்பூர் இல்லத்தில் பெண் பிள்ளைகளுக்கு நடந்த பாலியல் கொடுமை 2018ல் வெளியே வந்ததே, டாடா சமூக அறிவியல் கழகத்தின் குழு வெளியிலிருந்து வந்து தணிக்கை செய்து பிள்ளைகளிடம் பேசியதால்தான். வெளியாட்கள் தணிக்கைக்கு வருகிறார்கள் என்றால் அதைத் தொந்தரவாக நினைக்காதீர்கள்.

பெரியம்மாவைப் பற்றிப் பேசும் ஊழியர்களோடு சண்டை வேண்டாம். உங்கள் சமையல் அம்மாவும் வார்டன் அக்காவும் குறைந்த சம்பளத்தில் இத்தனை வருடம் இருந்ததே அவர் மேல் இருந்த பிரியத்தால்தான், அவர்கள் இன்னும் துக்கத்தில் இருக்கிறார்கள். "பெரியம்மா ஏன் அப்படிச் செஞ்சாங்க?" என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேளுங்கள். சில காரணங்கள் இன்றைக்கும் செல்லும், சிலது அந்தக் காலத்தோடு முடிந்தது, கேட்ட பிறகுதான் பிரிக்க முடியும். ஆனால் பி.எஃப்., வார விடுப்பு, சம்பளத் தேதி இவை பிரியத்தை நம்பி விடக்கூடிய விஷயங்கள் இல்லை. வங்கிக்காரரான உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

நல்ல மனமும் பெரிய பெயரும் மட்டும் போதாது என்பதற்கு நான் பயிற்சிகளில் சொல்லும் உதாரணம் லண்டனில் இருந்த கிட்ஸ் கம்பெனி என்ற குழந்தைகள் தொண்டு நிறுவனம். 1996ல் கமீலா பாட்மங்கலிஜ் ஆரம்பித்தார், யார் வந்தாலும் திருப்பி அனுப்புவதில்லை என்பது கொள்கை. பொதுப்பணமாக மட்டும் பல வருடங்களில் குறைந்தது 4.6 கோடி பவுண்டு வந்தது. கையிருப்பு என்று பெரிதாக எதையும் சேர்க்கவில்லை. 2015ல் அரசு 30 லட்சம் பவுண்டு கொடுத்த சில நாட்களிலேயே, ஆகஸ்ட் 5ஆம் தேதி மூடப்பட்டது. அறங்காவலர்களைத் தகுதி நீக்கம் செய்யக் கேட்ட வழக்கை 2021ல் நீதிமன்றம் ஏற்கவில்லை, அவர்கள் நேர்மையாகவே நடந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நேர்மையானவர்கள் நடத்தியும் மூடியது என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது. நாங்கள் ஆறு மாதச் சம்பளத்துக்கும் சாப்பாட்டுக்குமான பணத்தைத் தனிக் கணக்கில் சேர்க்க நான்கு வருடம் ஆனது, அதுவரை புதிதாக எதையும் தொடங்கவில்லை. உங்கள் அறங்காவலர் குழுவில் உறவில்லாத மூன்று பேரைச் சேருங்கள், ஒரு தணிக்கையாளர், ஒரு வழக்கறிஞர், முடிந்தால் இல்லத்தில் வளர்ந்து இப்போது வேலையில் இருக்கும் ஒரு பெண். வெளிநாட்டுப் பணம் வாங்குகிறீர்கள் என்றால் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது, அந்தப் பணத்தை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் கூடாது. களப்பணியாளர் சம்பளத்தை எந்தக் கணக்கில் எழுதுவது என்று வருட ஆரம்பத்திலேயே தணிக்கையாளரிடம் பேசிவிடுங்கள், மார்ச்சில் பேசினால் பயனில்லை.

எனக்கே தெளிவில்லாத ஒன்று இருக்கிறது. பதினைந்து, பதினாறு வயதுப் பெண் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவது. சட்டமும் கொள்கையும் குடும்பத்தைத்தான் சொல்கின்றன, நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் பத்தாம் வகுப்பு முடித்து அனுப்பிய ஒரு பெண்ணுக்கு ஏழு மாதத்தில் கல்யாணப் பேச்சு நடந்து, களப்பணியாளர் போய் நிறுத்த வேண்டியிருந்தது. இன்னொரு பெண்ணை அனுப்பாமல் வைத்திருந்தோம், 18 முடிந்து வெளியே போனபோது அவளுக்குக் கூப்பிட ஒரு சொந்தம்கூட இல்லை. இரண்டிலும் நாங்கள் செய்தது சரியா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அந்தப் பிள்ளையிடமே நிதானமாக, ஒரு தடவைக்கு நாலு தடவை கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. அனுப்பினால் குறைந்தது இரண்டு வருடம் போய்ப் பாருங்கள், வைத்திருந்தால் வீட்டுத் தொடர்பை அறுக்காதீர்கள்.

வங்கி வேலையை விட்டு வந்தது தப்போ என்று கடைசியில் எழுதியிருந்தீர்கள். கடன் விண்ணப்பத்தில் என்ன எழுதவில்லை என்று பார்த்துப் பழகிய கண் உங்களுக்கு இருக்கிறது, 46 கோப்புகளுக்கும் அந்தக் கண்தான் வேண்டும். முதலில் சான்றிதழில் உள்ள தேதியைப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுங்கள். ஆறு மாதத்துக்குள் முடிகிறது என்றால் புதுப்பிக்க என்னென்ன தாள் வேண்டும், தீயணைப்புச் சான்று, கட்டட உறுதிச் சான்று எதை முதலில் கேட்க வேண்டும் என்று வரிசையாகச் சொல்கிறேன்.